துப்பாக்கிக்கு எதிரே உட்கார்ந்த மதியங்கள்

குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்த பிறகுதான் துப்பாக்கிக்கு எதிரே போய் உட்காருவேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அடுத்த மூன்று மணி நேரத்துக்காவது அவள் வயிறு நிறைந்திருக்கட்டும் என்ற நினைப்பு. அடுப்பையும் அணைத்துவிடுவேன். ஒரு நாள் கொடியில் காய்ந்த துணிகளைக்கூட மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சாவுக்கு வருகிறவர்கள் என் உள்பாவாடையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாமே என்று தோன்றியது. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. கமுதிப் பக்கம் பிறந்தவள். மிளகாயும் பருத்தியும் போடுகிற குடும்பம். பள்ளி இறுதி வகுப்பு வரை படிக்க வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகுதான் கடலைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சுங்க இலாகாவில் சிப்பாய். வாலிநோக்கத்துக்கும் மாரியூருக்கும் இடையில் கரையோரமாக ஒரு காவல் சாவடி. தோணிகளில் திருட்டுத்தனமாக வந்து இறங்கும் சரக்கைப் பிடிப்பது அங்கே வேலை. சாவடியை ஒட்டி ஓட்டு வீடுகள் இரண்டு. ஒன்றில் சாவடிக்குத் தலைவரான ஜமேதாரும் அவர் மனைவியும். மற்றதில் நாங்கள். கல்யாணமாகாத இரண்டு சிப்பாய்கள் சாவடியிலேயே படுத்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் பின்னால் உப்பளம், முன்னால் உடைமரம், அதைத் தாண்டிக் கடல்.

வருடத்துக்கு ஒரு முறை சிப்பாய்கள் எல்லோரும் ராமநாதபுரத்துக்கு வெளியே ஒரு பொட்டலில் போய்ச் சுட்டுக் காட்ட வேண்டும். பத்துத் தோட்டா. அதில் குறைந்தது ஆறு, வட்டத்துக்குள் விழ வேண்டும். வேலைக்குச் சேர்ந்த வருடம் அவர் நன்றாகவே தேறியிருக்கிறார். அதற்கடுத்த வருடம் தேறவில்லை. எங்கள் கல்யாணமான வருடமும் தேறவில்லை. கேட்டால், "கண்ணுல தூசி விழுந்துருச்சு" என்பார். இரண்டு வருடமும் தூசியா என்று நான் கேட்டதில்லை. மூன்றாவது முறையும் தவறினால் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு ஏதாவது ஓர் உள்ளூர் அலுவலகத்தில் கோப்பு தூக்கப் போட்டுவிடுவார்கள் என்று ஜமேதார் சொல்லிவிட்டார். வீட்டையும் காலி செய்ய வேண்டும். அது துப்பாக்கியோடு சேர்ந்த வீடு. ஆனால் அவரை உறுத்தியது வீடு இல்லை. எங்கள் ஊரில் என் அய்யா எல்லோரிடமும், "மாப்பிள்ளைக்குத் துப்பாக்கி உத்தியோகம்" என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார். அங்கே என்னை விட்டுவிட்டு வரப் போனாலும், பார்க்கப் போனாலும் அந்தப் பேச்சு இவருக்கு முன்னால் போய் நிற்கும்.

அந்த வருடம் பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது ஜமேதார் ஓர் ஏற்பாடு செய்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் துப்பாக்கியை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். தோட்டா ஒன்றுகூட வராது. அவற்றை அவரே எண்ணிப் பெட்டியில் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொள்வார். தோட்டா இல்லாமலேயே குறிபார்த்து, மூச்சைப் பிடித்து, விசையை இழுத்துப் பழக வேண்டும். இப்படி எடுத்துப் போவது விதிப்படி சரியா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

தனியாகப் பழகினால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டாம் நாள் அவர் குழந்தையின் பால்மாவு டப்பா மூடியை எடுத்து, நடுவில் ஆணியால் ஒரு துளை போட்டார். பின்பக்கம் பிசிறு நின்றது. அதைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துத் தன் கண்ணருகே வைத்துப் பார்த்து, குத்தவில்லை என்று தெரிந்த பிறகு என்னிடம் கொடுத்தார். முன்பக்கம் சுண்ணாம்பு பூசி, துளையைச் சுற்றி விளக்குக் கரியால் ஒரு வளையம்.

"இத கண்ணுல வச்சுக்கிட்டு எனக்கு எதிர உக்காரு."

"எதுக்குங்க?"

"நான் அந்த ஓட்டையக் குறி வைப்பேன். நீ ஓட்டை வழியா என் துப்பாக்கியப் பாரு. முன்னால இருக்க முனையும், பின்னால இருக்க பள்ளமும், என் கண்ணும் ஒரே கோட்டுல இருக்கணும். விசைய இழுக்கும்போது முனை ஆடுச்சான்னு சொல்லு. ஜமேதார் எங்களுக்கு இப்பிடித்தான் பாப்பாரு."

"அப்ப அவரையே பாக்கச் சொல்லலாமே."

"அவருக்கு வேற வேலை இல்லையா? நீ படிச்சவதான?"

படித்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மணையை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

வீட்டில் ஒரே அறை. கட்டிலின் மேல் பலகை போட்டு அவர் குப்புறப் படுத்துக்கொள்வார். பழைய தலையணை உறையில் மணல் நிரப்பி, அதன்மேல் இடது கை. நான் பத்தடி தள்ளிக் கதவோரமாக. உத்தரத்தில் கட்டிய குழந்தையின் தொட்டில் அவர் கால்மாட்டுக்கு அப்பால். துப்பாக்கி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தை நான்தான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் எனக்குத்தான் ஆகும் என்று ஒரு கணக்கு.

துப்பாக்கியைப் பக்கவாட்டில் பார்த்தால் அது ஒரு மரக்கட்டையும் இரும்பும். எதிரே உட்கார்ந்து பார்த்தால் அது ஒரு சின்னக் கறுப்பு வட்டம், அவ்வளவுதான். ஒரு சுண்டைக்காய்கூட நுழையாது. கட்டில், பாய், மனிதர் எல்லாம் அந்த வட்டத்துக்குப் பின்னால் மறைந்துவிடும்.

ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் அவர் துப்பாக்கியின் பின்பக்கத் தாழைத் திறந்து காட்டுவார். நான் எட்டிப் பார்ப்பேன். சுண்டுவிரலை உள்ளே விட்டும் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. எண்ணெய் வாடை மட்டும் விரலில் ஒட்டும். தாழை அடைத்த மறுகணமே சந்தேகம் வந்துவிடும். பார்த்தேனா, அல்லது பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா?

"இன்னொரு தடவ திறங்க."

திறப்பார். பார்ப்பேன். அடைப்பார்.

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க."

"மூணு தடவ பாத்துட்ட. இன்னும் உள்ள யாரு குடியிருக்கா?"

"ஒரே ஒரு தடவ."

நாலாவது தடவைக்கு மேல் அவர் திறந்ததில்லை. நானும் கேட்டதில்லை. ஐந்தாவது தடவை கேட்டிருந்தால் அந்த நாள்தான் உள்ளே ஏதாவது இருந்திருக்கும் என்று மணையில் உட்கார்ந்த பிறகு தோன்றும்.

ஜமேதாரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், ஒரு நாள் உப்பு கடன் கேட்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏத்தா, ஊருல புருசன் பொண்டாட்டி மொகத்துக்கு மொகம் பாத்துக்கிட்டுச் சிரிப்பாக. நீங்க நடுவுல துப்பாக்கிய வச்சுல பாத்துக்கிறீக."

"அக்கா, சும்மா இருங்க" என்றார் அவர், கட்டிலில் படுத்தபடியே.

"நான் சும்மாதான் இருக்கேன் தம்பி. எங்க வீட்ல நடுவுல சோத்துப் பானைதான் இருக்கும். அதுக்கே அந்தச் சண்டை. நீங்க கவனமா இருந்துக்கங்க."

உப்பளத்தை முதுகில் வைத்துக்கொண்டு உப்பு கடன் கேட்க வந்தவர் அவர். எங்களைப் பார்க்கத்தான் வந்தார்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எழுதத் தயங்கியது. அவர் மூச்சைப் பிடிப்பார். துளை வழியாக முனையும் பள்ளமும் தெரியும். பள்ளத்துக்குப் பின்னால் அவர் கருவிழி. எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்கும். விரல் விசையில் மெல்லப் பதியும். அந்த இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டுவிடுவேன். இரும்பு இரும்பின்மேல் விழும் சத்தம் 'டக்' என்று கேட்கும். உயிரோடுதான் இருக்கிறேன் என்று தெரிந்த பிறகு கண்ணைத் திறப்பேன்.

"சரியா?" என்பார்.

"சரிங்க" என்பேன்.

முதல் சில நாட்கள் கண்ணை மூடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் சொல்லவில்லை. பிறந்த வீட்டில் நான் கண்டது அப்படி. என் அம்மா சோற்றில் உப்பு போதுமா என்று கேட்பாளே தவிர, அய்யா செய்த எதையும் சரியில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லி நான் கேட்டதில்லை. 'சரி' என்று சொன்னால் அவர் முகம் மலர்ந்தது. இருபது தடவை விசை இழுத்தால் இருபது சரி. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு சாவடிக்குத் திரும்பும்போது நடையே வேறாக இருந்தது. ஒரு மனிதர் தன் மேல் நம்பிக்கை வைப்பதற்கு நான் உதவுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு உதவினேன்.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. பரீட்சைக்கு முன்னால் ஒரு முறை சுட்டுப் பார்க்கட்டும் என்று ஜமேதார் எப்படியோ ஐந்து தோட்டாவுக்கு அனுமதி வாங்கி, அவரை அந்தப் பொட்டலுக்கு அழைத்துப் போனார். அன்றைக்கு அவர் கிளம்பியபோது என்னிடம், "அஞ்சும் உள்ளதான்" என்றார். நான் தலையாட்டினேன்.

மாலையில் திரும்பி வந்தவர் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். ஐந்தும் கீழே. இரண்டு, அட்டையிலேயே படவில்லை. முன்னால் மண்ணைக் கிளப்பியிருக்கின்றன.

"வீட்ல அம்புட்டும் சரியாத்தான இருந்துச்சு" என்றார்.

தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

"ஒரு தடவகூட முனை ஆடல. நீதான பாத்த?"

"ம்."

"அப்ப துப்பாக்கிலதான் கோளாறு."

என்னைச் சந்தேகப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. துப்பாக்கியைச் சந்தேகப்பட்டார். மறுநாள் ஜமேதாரிடம் போய், குழல் வளைந்திருக்கிறது, மேலே எழுதிப்போட்டு மாற்றித் தர வேண்டும் என்று கேட்டார். ஜமேதார் சத்தம் போட்டது எங்கள் வீடு வரை கேட்டது.

"ஏலே, அதே துப்பாக்கில நான் சுட்டு நாலு உள்ள போட்டேன்ல. ஒன் கண்ணு முன்னாலதான போட்டேன். வளைஞ்சது குழலா, நீயா? எழுதிப்போட்டுட்டு அவுக வந்து பாத்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டா, பரீட்சைக்கு முன்னாலயே ஒன்னியக் கோப்பு தூக்க அனுப்பிருவாக."

அன்று மதியம் துப்பாக்கி வீட்டுக்கு வரவில்லை. நான் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து, எதிரே உட்கார்ந்து, அந்த டப்பா மூடியை ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பலகையைத் தட்டிப் பார்த்தேன். தட்டுகிறவளும் நானே. எப்போது தட்டப் போகிறேன் என்பதும் எனக்குத் தெரியும். அப்படியும் மூடியது. பத்துத் தடவை தட்டினால் பத்துத் தடவையும். அடுத்த நாளும் தட்டினேன். அதற்கடுத்த நாள் அக்கா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

"யாரப் பயங்காட்டுற? கண்ணாடியவா?"

உள்ளதைச் சொல்லிவிட்டேன். அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். உள்ளே வந்து உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பலகையை எடுத்துத் தட்டினார். எப்போது தட்டுவார் என்று தெரியாதபடி, பேச்சுக்கு நடுவில், குழந்தையைக் கொஞ்சும்போது, இருமும்போது. சாயங்காலத்துக்குள் பத்தில் நாலு தடவை என் கண் திறந்திருந்தது.

"ஒம் புருசனுக்குத் தெரியுமா?" என்றார் போகும்போது.

"தெரியாதுக்கா."

"தெரியாமயே இருக்கட்டும்."

நாலைந்து நாளில் அவர் மறுபடி துப்பாக்கியைக் கொண்டுவந்தார். வேறு வழியும் இல்லை. தாழைத் திறந்து காட்டினார். மூன்று முறை பார்த்தேன். உட்கார்ந்தேன். புறங்கையைக் கிள்ளிக்கொண்டே துளை வழியாகப் பார்த்தேன். முனை, பள்ளம், கருவிழி. விரல் பதிந்தது. நான் மூடவில்லை.

அவர் மூடினார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. பள்ளத்துக்குப் பின்னால் இருந்த கருவிழியின்மேல் இமை இறங்கியது. இறங்கியதும் துப்பாக்கியின் முனை ஒரு நூல் கீழே சரிந்தது. அதற்குப் பிறகுதான் 'டக்' கேட்டது. பிறகு கண் திறந்தது, ஒன்றுமே நடக்காதது போல.

"சரியா?"

"சரிங்க."

அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். அவர் விசை இழுத்த ஒவ்வொரு தடவையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் 'சரி' என்றேன். அதுவரை சொன்னது தெரியாமல் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். அன்றைக்குச் சொன்ன இருபதும் பொய். மறுநாளும் பொய். அதற்கு மறுநாளும்.

ஏன் சொல்லவில்லை என்று அப்போதே என்னைக் கேட்டுக்கொண்டேன். உடுப்பு போட்ட ஒரு ஆம்பிளையிடம், நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று பெண்டாட்டி எப்படிச் சொல்வாள்? இதுதான் காரணம் என்று நினைத்தேன். இன்னொன்றும் இருந்தது. அந்த மாதம்தான் வேறு ஒரு சாவடியைச் சேர்ந்த சிப்பாயைத் தோணிக்காரர்கள் துடுப்பால் அடித்து மண்டையைப் பிளந்துவிட்டார்கள். அவரைச் சாயல்குடி வழியாக மாட்டுவண்டியில் கொண்டு போனார்கள். வண்டி எங்கள் சாவடியில் தண்ணீருக்கு நின்றது. வைக்கோலுக்கு மேலே அவர் கால் மட்டும் தெரிந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. இவர் பரீட்சையில் தவறினால் கோப்புதான் தூக்குவார். கோப்பு தூக்குகிறவர் மண்டையில் யாரும் துடுப்பால் அடிப்பதில்லை. நான் சும்மா இருந்தாலே போதும். அப்படியானால் முதல் இரண்டு மாதமும் நான் கண்ணை மூடியது பயத்தாலா, அல்லது அவர் தவற வேண்டும் என்று உள்ளுக்குள் விரும்பித்தானா? இந்தக் கேள்வியைக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது, சோறு வடிக்கும்போது, எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் கிடைக்கவில்லை. பயத்தால்தான் என்று இன்றைக்குச் சொல்லுவேன். நாளைக்குக் கேட்டால் எப்படியோ.

நாலாவது நாள் அவர் கட்டிலில் படுத்தபடியே, "இன்னைக்குப் பூரா சரின்னா சொல்லு, ஜமேதார்கிட்டப் போயி மறுபடியும் எழுதிப்போடச் சொல்லிக் கேக்கப் போறேன்" என்றார். "இந்தத் துப்பாக்கியோட நான் அங்கன போயி நிக்க மாட்டேன்."

எழுதிப்போட்டால் என்ன ஆகும் என்று ஜமேதார் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. இதற்கு மேல் நான் சும்மா இருப்பதும் சும்மா இருப்பது ஆகாது. அவர் வேலையை நானே பிடுங்குவதுதான்.

விசையை இழுத்தார். 'டக்'.

"சரியா?"

"இல்லைங்க."

தலையைத் தூக்கினார். "என்ன இல்ல?"

"முனை கீழ போச்சு."

"எம்புட்டு?"

"கொஞ்சம். நீங்க கண்ண மூடிட்டீங்க."

"யாரு?"

"நீங்கதான். விசைய இழுக்குறதுக்கு முன்னாலயே மூடுறீங்க."

"தூசியா இருக்கும்."

"தினமும் மூடுறீங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். துப்பாக்கி மடியில் இருந்தது. "தினமும்னா? ரெண்டு மாசமாப் பாத்துக்கிட்டு இருக்க. ஒரு வார்த்த சொல்லல?"

"ரெண்டு மாசமா நான் பாக்கல."

"அப்ப எதிர உக்காந்து என்னத்தப் பாத்த?"

"நானும் மூடிக்கிட்டுத்தாங்க இருந்தேன்."

தொட்டிலின் கயிறு உத்தரத்தில் உரசிக் கிறீச்சிட்டது. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை, இருந்தாலும் எதிர்பார்த்தேன். அவர் துப்பாக்கியின் தாழைத் திறந்தார். உள்ளே பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து நான் அதுவரை கண்டதில்லை. பிறகு அதைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் துப்பாக்கி வரவில்லை. பேச்சும் வரவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார். குழந்தையிடம் மட்டும் பேசினார். ஜமேதாரிடம் எழுதிப்போடச் சொல்லிக் கேட்டாரா என்று அக்காவிடம் விசாரித்தேன். கேட்கவில்லை என்றார். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வேலையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாரோ, என் பேச்சால் வெறுத்துப்போய் எங்கேயாவது போய்விடுவாரோ என்று பயம். கடற்கரைப் பக்கம் அவர் தனியாக நடந்து போனால் கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் மதியம் வந்தார். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

"ரெண்டாவது வருசம் அங்கன சுடும்போது, பக்கத்துல படுத்திருந்தவன் துப்பாக்கி பின்பக்கமா வெடிச்சுருச்சு. தாழு தெறிச்சு மொகத்துல அடிச்சு ஒரு கண்ணு போச்சு. அவன் ரத்தம் என் கையில தெறிச்சது. அடுத்தது நான் சுடணும். சுடுன்னாங்க. சுட்டேன்."

"இத ஏங்க முன்னாலயே சொல்லல?"

"சொன்னா நீ இங்கன உக்காருவியா?"

உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் அந்த நேரம் நான் நினைத்தது என்னைப் பற்றியும் இல்லை, அவரைப் பற்றியும் இல்லை. துப்பாக்கி பின்பக்கமும் வெடிக்கும். இத்தனை நாளும் ஒன்றும் ஆகாது என்று நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடத்தில், அந்தப் பின்பக்கத்தில்தான் தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. தோட்டா இல்லாத துப்பாக்கி எந்தப் பக்கமும் வெடிக்காது என்று படித்த மூளை சொன்னது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தொட்டிலிலிருந்து வாரி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். அன்றிலிருந்து அந்த ஒரு மணி நேரமும் அவள் அங்கேதான்.

திரும்பி வந்தபோது அவர் கட்டிலில் படுத்து, குறிபார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பப் பாரு. உள்ளதச் சொல்லு."

அதற்குப் பிறகு உள்ளதைச் சொன்னேன். மூடினீங்க. மூடினீங்க. பாதி மூடினீங்க. மூடல, ஆனா முனை இடது பக்கம் போச்சு. சில நாள் அவருக்குக் கோபம் வரும். "ஒனக்கு வேற வார்த்தையே தெரியாதா வாத்தியாரம்மா?" என்பார். சில நாள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வருவார். நானும் பல தடவை மூடினேன். மூடினால், "இது நான் பாக்கலைங்க, இன்னொரு தடவ" என்று சொல்லிவிடுவேன். அதைச் சொல்லத்தான் எனக்கு அதிகத் தைரியம் வேண்டியிருந்தது. ஒரு நாள் இருவருமே மூடிவிட்டோம். "என்ன ஆச்சு?" என்றார். "தெரியல" என்றேன். "எனக்குந் தெரியல" என்றார். அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தோம்.

கடைசி வாரத்தில் இருபதுக்குப் பதினைந்து தடவை அவர் கண் திறந்திருந்தது. அப்படித் திறந்திருக்கும்போது அந்தக் கண்ணைப் பார்ப்பது முன்னைவிடக் கஷ்டமாக இருந்தது. மூடுகிற கண்ணில் ஒரு மனிதர் இருந்தார். திறந்த கண்ணில் நான் இல்லை, அவரும் இல்லை. துளை மட்டும்தான் இருந்தது.

பரீட்சை நாள் விடியுமுன்பே கிளம்பிப் போனார்கள். நான் பகல் முழுக்க ஒரு வேலையும் செய்யவில்லை. தேற வேண்டும் என்று வேண்டிக்கொள்ள உட்கார்ந்தால் வண்டியில் போன சிப்பாயின் கால் வந்தது. எழுந்துவிட்டேன். மாலை நாலு மணிக்கு ஜமேதாரின் குரல்தான் முதலில் கேட்டது.

"ஏத்தா, ஒம் புருசன் ஏழு போட்டுட்டான். நல்ல துப்பாக்கியப் போயிக் கெட்ட துப்பாக்கின்னானே."

அவர் பின்னால் வந்தார். தோளில் துப்பாக்கி இடித்த இடம் கன்றியிருந்தது. எண்ணெய் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். ஏழும் கண்ணைத் திறந்தபடியா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பதினைந்து நாளில் அவரை மாரியூர்ப் பக்கம் கரைக் காவலுக்குப் போட்டார்கள். தேறியவர்களுக்குத்தான் அந்தப் பக்கம். ஜமேதார் பெட்டியைத் திறந்து ஐந்து தோட்டாவை எண்ணிக் கொடுத்தார். அவர் அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே அழுத்துவதை வாசலில் நின்று பார்த்தேன். விரலை விட்டுப் பார்க்க வேண்டிய தேவை இப்போது இல்லை. உள்ளே இருப்பது நிச்சயம். இன்னொரு சிப்பாயோடு உடைமரங்களுக்குள் நடந்து போனார். நான் உண்மையைச் சொன்னதால் அவருக்குக் கிடைத்தது இது. வேறு எப்படியும் இதை எழுத எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம், வெயில் இன்னும் சாயவில்லை, ஒரு வெடிச் சத்தம் கேட்டது. ஒன்றே ஒன்று. வெகு தூரத்தில். உப்பளத்தில் பாத்தி வாரிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்கள். "கொக்கு சுடுறாக" என்றார் அக்கா. சொல்லிவிட்டு என் கையிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் அந்த வாசலில் நின்றேன். கடவுளே, அவர் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று முதலில் வேண்டினேன். திறந்து வைத்திருந்தால் குறி தவறாது, எதிரில் இருப்பவன் விழுவான் என்று உடனே தோன்றியது. அப்படியானால் மூடியிருக்க வேண்டும். மூடியிருந்தால் குறி தவறும், எதிரில் இருப்பவன் துடுப்பை ஓங்குவான். எதை வேண்டுவது என்று தெரியாமல் வேண்டுவதையே விட்டுவிட்டேன்.

இருட்டுவதற்குள் இருவரும் திரும்பினார்கள். நடந்தே வந்தார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்வாசலில் கால் கழுவத் தண்ணீர் ஊற்றினேன்.

"தோணி ஒண்ணு கரைய ஒட்டி வந்துச்சு. நிறுத்தச் சொன்னோம், நிறுத்தல. சுட்டேன். திரும்பிப் போயிட்டாங்க."

"யாருக்கும்…?"

"இல்ல. மேலாப்புலதான் சுட்டேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வேண்டுமென்றே மேலே வைத்துச் சுட்டாரா, அல்லது தோணியைக் குறிவைத்து, கடைசி நொடியில் கண்ணை மூடி, குண்டு எங்கேயோ போய், இப்போது மேலே என்று சொல்கிறாரா? நாலு மாதம் அவர் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவில்லை. இந்த முறை எதிரே இருந்தவர்கள் தோணிக்காரர்கள். அவர்கள் பார்த்திருந்தால் பார்த்திருப்பார்கள்.

"மண்ணு சரியாப் போகல, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று காலைத் திருப்பிக் காட்டினார். கெண்டைக்காலில் ஈர மணல் அப்பியிருந்தது. ஊற்றினேன். அவர் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவர் கவனித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.